ஈயப் படையும் மாலை ஏழு மணியும்

இலண்டன் மாநகரின் செல்சிப் பகுதியிலே, தேசியப் படைத்துறை அருங்காட்சியகத்தில், ஒரு போர்க்களம் அப்படியே வைக்கப்பட்டிருக்கின்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 400 சதுர அடி. நம்மூரில் ஒரு சிறு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டப் போதுமான நிலம். அந்நிலத்துக்குள் மேடும் பள்ளமும், வேலியும் தோப்பும், பண்ணை வீடுகளும், தேவாலயத்தோடு கூடிய ஒரு சிற்றூரும் அடங்கியுள்ளன. அவற்றிடையே 70,000க்கு மேற்பட்ட போர்வீரர் நிற்கின்றனர். அரை அங்குல உயரம் வந்தவர் அவருள் ஒருவருமில்லை. வெள்ளீயமும் காரீயமும் கலந்து வார்த்து, வண்ணந்தீட்டி நிறுத்தப்பட்ட உருவங்கள் அவை. அக்களத்தில் எப்பொழுதும் ஒரே நாள், ஒரே வேளைதான்: 1815ஆம் ஆண்டு யூன் மாதம் 18ஆம் நாள், மாலை ஏழு மணி.

வாட்டலூப் போரின் மாதிரியுரு இது. இதனை உருவாக்கியவர் வில்லியம் சைபோர்ண் என்னும் பிரித்தானியப் படையதிகாரி. 1830இல் தொடங்கிய வேலை 1838இல் முடிந்தது. சிறுவர் விளையாடும் ஈயப் பொம்மைகளைப் போன்ற இவ்வுருவங்களை எங்கே நிறுத்துவது என்பது குறித்து ஒரு பேரரசின் படைத்தலைமையோடு ஓர் இளநிலை அதிகாரி ஆண்டுக்கணக்காக வாதாட நேர்ந்தது. நவராத்திரிக் கொலுவிலே எந்தப் பொம்மை எந்தப் படியில் இருக்க வேண்டுமென்று வீட்டாரிடையே சிறு பிணக்கு எழுவதுண்டு. இங்கோ படிக்குப் பதிலாகப் புகழ் இருந்தது.

போரின் போக்கை முதலில் சுருக்கமாக நினைவுகூர்வோம். எல்பாத் தீவிலிருந்து தப்பி மீண்டும் பிரான்சின் பேரரசனாகிய நெப்போலியன், தன்னை எதிர்த்துத் திரண்ட நாடுகளின் படைகள் ஒன்றுகூடு முன் அவற்றைத் தனித்தனியே அடித்துவிட எண்ணிப் பெல்ஜியத்துக்குள் புகுந்தான். அங்கே இரண்டு படைகள் இருந்தன. ஒன்று, வெலிங்டன் கோமகன் தலைமையில் பிரித்தானியரும் டச்சுக்காரரும் பெல்ஜியரும் செருமானியச் சிற்றரசுகளின் வீரரும் சேர்ந்த கூட்டுப்படை. மற்றது, முதிய தளபதி புளூக்கரின் பிரஷ்யப் படை. யூன் 16ஆம் நாள் லிக்னி என்னுமிடத்தில் நெப்போலியன் பிரஷ்யரைத் தோற்கடித்தான். ஆனால் அவர்கள் ஓடி ஒழியவில்லை. வெலிங்டனுக்கு உதவ வருவதற்கு ஏற்ற திசையிலேயே பின்வாங்கினார்கள். 18ஆம் நாள் முற்பகல் முதல் வெலிங்டனின் ஏறத்தாழ 68,000 வீரர் ஒரு மேட்டுநிலத்தைப் பற்றிக்கொண்டு, பிரெஞ்சுப் படையின் தாக்குதல்களைத் தாங்கி நின்றனர். பிற்பகல் நாலரை மணியளவில் கிழக்கேயிருந்து பிரஷ்யர் வரத் தொடங்கினர். அந்திவேளையில் நெப்போலியன் தன் இறுதிச் சேமிப்பாகிய பேரரசக் காவற்படையை மேட்டின்மேல் ஏவினான். அது முறிந்தது. அதனுடன் அவன் ஆட்சியும் முறிந்தது.

இவ்வெலிங்டன் நம் நாட்டுக்கு முற்றிலும் அந்நியரல்லர். ஆர்தர் வெல்லெஸ்லி என்னும் பெயரோடு இந்தியாவிற் படைத்தலைவராயிருந்த காலத்தில், 1800ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும், கடல்கடந்து செல்லவிருந்த ஒரு படையை ஆயத்தஞ் செய்வதற்காகத் திருகோணமலையில் தங்கியவர் அவர். பின்னர் 1803இல் அசாயிப் போரில் மராத்தியரை வென்றார். வாட்டலூவுக்குப் பின்னரோ அவருடைய சொல்லுக்கு மறுசொல் சொல்வார் இங்கிலாந்தில் அரியர்.

சைபோர்ண் 1797இற் பிறந்தவர். அவருடைய தந்தையாரும் படைவீரர். பிரான்சின் தென்புறத்திலே நிவெல் ஆற்றங்கரையில் 1813இல் நடந்த போரிற் பட்ட காயத்தால் நெடுநாள் நலிந்து 1819இல் இறந்தார். மகன் படைக் கல்லூரியிற் பயின்று, 1815இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்டபோது வாட்டலூப் போர் முடிந்துவிட்டிருந்தது. போரைத் தம் கண்ணாற் காணாதவர் என்பதே பிற்காலத்தில் அவருக்குக் குறையாகவும் நிறைவாகவும் அமைந்தது. களத்தில் நின்றிருந்தால் தாம் கண்ட ஒரு மூலையையே போர் முழுவதுமென நம்பியிருப்பார். காணாதவராகையால் எல்லாரையும் கேட்டறிய வேண்டியவரானார். நில அளவையிலும் நிலவரைபட வரைவிலும் அவருக்கு மிகுந்த தேர்ச்சி இருந்தது. அத்துறையில் 1822இலும் 1827இலும் நூல்கள் வெளியிட்டார். ஒரு நிலத்தின் ஏற்ற இறக்கங்களை மாதிரியாகச் செய்து காட்டும் முறையையும் அவர் ஆராய்ந்தவர். அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினிலே படைத்தலைமையகத்தில் உதவிச் செயலாளராக இருந்த அவரிடம், பிரித்தானியப் படையின் தலைமைத் தளபதி ஹில் பிரபு 1830இல் இவ்வேலையை ஒப்படைத்தார்.

சைபோர்ண் நேரே போர்க்களத்துக்குச் சென்றார். களத்தின் நடுவேயிருந்த லா ஏய் செயிந்த் என்னும் பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கினார். போரன்று குருதியிற் குளித்த அதே வீடுதான். அங்கிருந்துகொண்டு ஒவ்வொரு சரிவையும், ஒவ்வொரு வண்டிப்பாதையையும், வேலியையும் அளந்து குறித்தார். அதிலும் ஒரு தொல்லை இருந்தது. நெதர்லாந்தின் அரசர் தம் மகன் காயமுற்ற இடத்தில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப விரும்பினார். ஏறத்தாழ 40 மீற்றர் உயரமுள்ள செயற்கைக் குன்றொன்று குவிக்கப்பட்டு, அதன் உச்சியில் இரும்புச் சிங்கம் ஒன்று 1826இல் நிறுத்தப்பட்டது. அக்குன்றுக்கு வேண்டிய மண் எங்கிருந்து வந்தது? வெலிங்டனின் வீரர் நின்று பொருத அதே மேட்டிலிருந்துதான். போரை நினைவுகூரப் போர்க்களத்தையே வெட்டிவிட்டார்கள். ஆகவே, சைபோர்ண் அளந்த நிலத்தின் ஒரு பகுதி 1815இல் இருந்த நிலமன்று. போன மண்ணை அவர் தம் மாதிரியிலே மீட்டெடுக்க வேண்டியிருந்தது.

மாதிரியின் அளவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஒரு மைல் தூரத்துக்கு ஒன்பது அடி என்பது அவர் கொண்ட கணக்கு. அப்படியானால் 400 சதுர அடிப் பலகையில் ஏறத்தாழ ஐந்து சதுர மைல் நிலம் அடங்கும். ஆனால் அதே கணக்கில் 50 அடி உயரமான மேடு ஓர் அங்குலமாகிவிடும். அப்பாலிருந்து பார்ப்பவருக்கு அது மேடாகவே தோன்றாது. வெலிங்டனின் போர்முறையோ மேட்டின் பின்சரிவில் வீரரைப் படுக்கவைத்து, பகைவன் உச்சியை எட்டியதும் எழுந்து சுடச் செய்வது. மேடு தெரியாவிட்டால் போரே விளங்காது. எனவே உயரத்தை மட்டும் மிகுத்துக் காட்டினார். மனிதருக்கும் இதே இடர்தான். நில அளவின்படி ஓர் ஆள் அங்குலத்தின் ஒன்பதில் ஒரு பங்கே இருப்பான். எறும்பளவான அவனுக்குத் தொப்பியும் துவக்கும் செதுக்குவது எங்ஙனம்? ஆகவே உருவங்களை அதைவிட மும்மடங்கு பெரியனவாக வார்த்தார். பெரிய உருவம் மிகுந்த இடம் பிடிக்கும். பட்டாளத்தின் அணிநீளம் மெய்யளவிலிருந்து பிசகக்கூடாதென்றால் உருவங்களின் தொகை குறைய வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு உண்மையாகத் தோன்றுவதற்காக அளவுகோலிலே செய்துகொண்ட இந்த விட்டுக்கொடுப்புக்களை எவரும் குறைகூறவில்லை. முழு நிலமும் முப்பதுக்கு மேற்பட்ட துண்டுகளாகச் செய்யப்பட்டுப் பொருத்தப்பட்டது.

நிலம் ஆயிற்று. அந்நிலத்தில் எந்தப் பட்டாளம் எங்கே நின்றது? அரசாங்கப் பத்திரங்களில் அதற்கு விடையில்லை. எனவே சைபோர்ண், உயிரோடிருந்த வாட்டலூ அதிகாரிகள் அனைவருக்கும் கடிதம் எழுதத் துணிந்தார். காவற்படை மேட்டின் உச்சியை எட்டிய அவ்வேளையில், ஏறக்குறைய மாலை ஏழு மணிக்கு, உங்கள் பட்டாளம் எவ்வகை அணியில் நின்றது? உங்களுக்கு எதிரே பகைவர் எவ்வாறு நின்றனர்? வயலில் என்ன பயிர் இருந்தது? இவையே வினாக்கள். கூடவே அச்சிட்ட நிலப்படம் ஒன்றும் சென்றது. நினைவுக்கு எட்டியவரை அதில் வரைந்து அனுப்புமாறு வேண்டிக்கொண்டார்.

பயிரைப் பற்றிய வினாவை நகைக்கத் தோன்றலாம். அது வீண் வினாவன்று. அக்களத்தில் ரை என்னும் கோதுமையினப் பயிர் ஆளுயரம் வளர்ந்து நின்றது. காலையிலே அதற்குள் நின்றவன் எதிரே வருபவனைக் காணமாட்டான். மாலைக்குள் ஆயிரக்கணக்கான குதிரைகள் அதை மிதித்துச் சேறாக்கிவிட்டன. ஒரு வீரன் என்ன கண்டான் என்பது, அவ்வேளை அவன்முன் பயிர் நின்றதா படுத்ததா என்பதைப் பொறுத்தது.

பதில்கள் வந்து குவிந்தன. அவை ஏறத்தாழ 700. ஒரு போரில் ஈடுபட்டவர்களிடம் ஒரே வினாவைத் திட்டமிட்டுக் கேட்டு இத்துணை விடைகளைத் தொகுத்த முயற்சி அதற்கு முன் நடந்ததாகச் சொல்ல முடியாது. பரணி பாடிய நம் புலவர் ஆயிரம் யானைகளை வென்றவனைத் தேடினர். இம்மனிதர் சாதாரணக் கப்டன் ஒருவன் எந்த வேலியோரம் நின்றான் என்று தேடினார். வரலாற்றுத் துறையில் இது சிறிய மாற்றமன்று.

ஆனால் விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பேரரசக் காவற்படையை முறியடித்த பெருமை மெயிற்லண்டின் காவற்படைப் பிரிவுக்கா, பக்கவாட்டில் திரும்பித் தாக்கிய 52ஆம் பட்டாளத்துக்கா? இவ்வினா அப்பொழுதே அச்சிலேறிவிட்டது. 52ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த கோலர் என்னும் அதிகாரி 1833இல் இதுபற்றி எழுதினார். குதிரைப்படைத் தலைவர் ஹசி விவியன் அவரை மறுத்தெழுதினார். அந்த விவியன் அப்பொழுது அயர்லாந்தின் படைத்தலைவர், சைபோர்ணுக்கு மேலதிகாரி. நிலைமை எவ்வளவு இக்கட்டானது என்பதை அரசாங்க அலுவலகங்களில் வேலைபார்த்த நேயர்கள் எளிதில் உணர்வர்.

வெலிங்டனுக்கு இம்முயற்சி தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. போர் முடிந்த சில வாரங்களிலேயே அவர் ஒரு கடிதத்தில், போரின் வரலாறு ஒரு நடன விருந்தின் வரலாற்றைப் போன்றது என்று எழுதியிருந்தார். அங்கே நடந்த சிறு சிறு நிகழ்ச்சிகள் ஒவ்வொருவருக்கும் நினைவிருக்கலாம்; அவை எந்த ஒழுங்கில், எந்தக் கணத்தில் நடந்தன என்பதை எவராலும் சொல்ல முடியாது என்பது அவர் கருத்து. இதனைத் தற்பெருமை கொண்ட தளபதியின் சாக்குப்போக்கு என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து எழுதப்பட்ட நினைவு எத்துணைத் தூரம் நம்பத்தக்கது? மேலும் அக்காலத்தில் பொது நேரம் என்பதே கிடையாது. ஒவ்வோர் அதிகாரியின் சட்டைப்பையிலும் ஒவ்வொரு கடிகாரம். ஒன்றுக்கொன்று அரைமணி, ஒரு மணி வேறுபாடு. புகையும் இரைச்சலும் சூழ நின்றவனுக்குக் கடிகாரத்தைப் பார்க்க நேரமேது? சைபோர்ண் தெரிந்தெடுத்த மாலை ஏழு மணி யாருடைய ஏழு மணி என்ற கேள்விக்கு விடை எளிதன்று.

தலைமையகத்திலிருந்து வந்த அறிவுரை, போரின் தொடக்க நிலையைக் காட்டினாற் போதும் என்பது. தொடக்கத்தில் படைகள் எங்கே நின்றன என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. இன்னொன்றும் உண்டு: தொடக்கத்தில் களத்தில் பிரஷ்யர் எவருமில்லை. சைபோர்ண் இணங்கவில்லை. போரின் முடிவைத் தீர்த்த கணத்தையே காட்டுவேன் என்று நின்றார்.

அவர் பிரஷ்யத் தலைமையகத்திடமிருந்தும் விவரங்கள் பெற்றிருந்தார். அவற்றின்படி அம்மாலை வேளையில் புளூக்கரின் படைகள் களத்துக்குள் வெகுதூரம் வந்துவிட்டன. பிரெஞ்சுப் படையின் வலப்புறத்துக்குப் பின்னாலுள்ள பிளான்சன்வா என்னும் சிற்றூரில் பல மணி நேரமாகக் கடும்போர் நடந்துகொண்டிருந்தது. அவ்வூரைக் காக்க நெப்போலியன் இளங்காவற்படையின் 8 பட்டாளங்களை அனுப்பினான்; பின் முதுகாவற்படையிலிருந்தும் 2 பட்டாளங்களை அனுப்பினான். அங்கே கட்டுண்டு கிடந்த இவ்வீரர் மேட்டின்மேல் வெலிங்டனை எதிர்க்க வர முடியவில்லை. கண்டது கண்டபடி சைபோர்ண் தம் மாதிரியின் கிழக்குப்புறத்திலே பிரஷ்ய உருவங்களைத் திரளாக நிறுத்தினார்.

மாதிரிக்குரிய நிலப்படம் 1836இல் கோமகனின் பார்வைக்குச் சென்றது. பிரஷ்யர் அந்நேரத்தில் அவ்விடத்தில் இல்லை என்பது அவர் தீர்ப்பு. தலைமையகத்தின் படைச் செயலாளர் பிற்றோய் சமசற் பிரபு இதனை இன்னும் வெளிப்படையாகச் சைபோர்ணுக்கு எழுதினார்: இம்மாதிரியைப் பார்ப்பவர், வெற்றி பிரித்தானிய வீரத்தாலும் தலைவரின் திறமையாலும் வந்ததென எண்ணாமல், பிரஷ்யரின் பக்கத்தாக்குதலால் வந்ததென எண்ணிவிடுவர் என்பதே அதன் சாரம். நேரம் பற்றிய ஐயம் ஒன்று. பார்ப்பவர் என்ன நினைப்பர் என்ற அச்சம் மற்றொன்று. முன்னது வரலாற்றாசிரியனின் கவலை. பின்னது அதுவன்று. இத்தனைக்கும், போருக்கு மறுநாள் தாம் எழுதிய அறிக்கையிலே பிரஷ்யர் தக்க வேளையிற் செய்த உதவியை வாய்விட்டுப் பாராட்டியவர் இதே வெலிங்டன்தான். 1815இல் நன்றியோடு சொன்னது 1836இல் சொல்லத்தகாததாயிற்று.

இதனிடையே பணமுடை அவரை வாட்டியது. அரசாங்கம் 1833இலேயே செலவுக்குப் பணந்தருவதை நிறுத்திவிட்டது. தொடங்கிய வேலையைக் கைவிட மனமின்றி, சைபோர்ண் கடன்பட்டுத் தொடர்ந்தார். மொத்தச் செலவு 3,000 பவுண் அளவுக்கு ஏறியது. லெப்டினன்ட் ஒருவரின் சம்பளத்தில் அது எட்டாத தொகை. 1838இல் மாதிரியுரு நிறைவுற்று, இலண்டன் பிக்கடிலி வீதியிலிருந்த எகிப்திய மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஒரு சிலிங் கட்டணம் செலுத்திக் கண்டவர் ஏறத்தாழ 100,000 பேர். கணக்கின்படி இது 5,000 பவுண். ஆயினும் கண்காட்சியின் செலவுகளும் நிருவாகமும் போக, கடனை அடைக்கும் பணம் செய்தவர் கையில் வந்து சேரவில்லை. ஊரெல்லாம் பார்த்து வியந்த பொருளைச் செய்தவர் கடன்காரருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

இவ்வாண்டுகளின் இழுபறியில் அவர் தளர்ந்தார். ஏறத்தாழ 40,000 பிரஷ்ய வீரரைக் குறித்த உருவங்களை மாதிரியிலிருந்து எடுத்துவிட்டார். புதிய சான்றுகளைப் பார்த்துத் தம் பிழையைத் திருத்தியதாகவே அவர் கருதினாரா, அல்லது படைத்தலைமையின் தயவும் அரசாங்கத்தின் பணமும் கிட்டுமென்ற நம்பிக்கையா? இரண்டும் கலந்திருக்கலாம். ஒரு மனிதர் எட்டாண்டு பாடுபட்டுச் செய்த வேலையில் தம் கையாலேயே உருவங்களைப் பிடுங்குகின்றார் என்றால், அது எளிதாக நடந்திருக்காது. கைம்மாறாக எதிர்பார்த்த பணமும் வரவில்லை.

1844இல் அவர் இரண்டு பணிகளை முடித்தார். ஒன்று, தொகுத்த கடிதங்களை அடிப்படையாகக் கொண்டு 1815ஆம் ஆண்டின் போர் பற்றிய விரிவான வரலாற்று நூல். பிளான்சன்வாப் போராட்டம் அதில் விரிவாகவே இடம்பெற்றுள்ளது. ஈய உருவங்களுக்குக் கிட்டாத இடம் எழுத்தில் ஓரளவு கிட்டியது எனலாம். மற்றது, இரண்டாவது மாதிரியுரு. முழுக்களத்தையுங் காட்டாமல், பிற்பகலில் பிரித்தானியக் கனக்குதிரைப்படை பாய்ந்த ஒரு பகுதியை மட்டும் பெரிய அளவிலே காட்டுவது அது. அவ்வேளையில் அவ்விடத்தில் பிரஷ்யர் எவருமில்லை. அதனால் அதைப்பற்றிச் சச்சரவும் எழவில்லை. இன்று அது இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆயுத அருங்காட்சியகத்தில் உள்ளது.

சைபோர்ண் தம் இறுதி ஆண்டுகளில், செல்சியிலிருந்த படைவீரர் பிள்ளைகளின் கல்விநிலையத்திற் செயலாளராகப் பணியாற்றினார். 1849இல், ஐம்பத்தோராம் வயதில் மறைந்தார். கடன்கள் அப்பொழுதும் முற்றாகத் தீர்ந்திருக்கவில்லை. பெரிய மாதிரியுருவை அவர் மறைவுக்குப் பின் படையதிகாரிகளின் சங்கமொன்று வாங்கித் தன் அருங்காட்சியகத்தில் வைத்தது. கடிதங்களில் ஒரு பகுதியை அவர் மகன் 1891இல் நூலாக வெளியிட்டார். எஞ்சியவற்றுட் பல 2004இல் அச்சேறின. அக்கடிதங்களைப் புறக்கணித்து வாட்டலூப் பற்றி எழுத இன்று எந்த ஆராய்ச்சியாளராலும் இயலாது. எவரும் நம்பத்தகாதவை என்று கோமகன் அஞ்சிய அந்நினைவுகள், ஒன்றையொன்று மறுத்தும் திருத்தியும், பிரித்தானிய நூலகத்தில் கட்டுக்கட்டாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன.

மாதிரியுரு கைமாறி, இறுதியிற் செல்சிக்கே வந்து சேர்ந்தது. சைபோர்ண் கடைசியாக வேலைபார்த்த கட்டடத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கு நடந்துபோகச் சில நிமிடமே செல்லும். அங்கே, பிளான்சன்வாத் தேவாலயத்தின் அருகே, எடுபடாமல் எஞ்சிய பிரஷ்யர் சிலர் மாலை ஏழு மணிக்கு இன்னும் போரிட்டுக்கொண்டிருக்கின்றனர்.